விருந்தோம்பக் கற்பதற்கும் தமிழ் வேண்டாவா?

சென்னையில் அடையாற்றுக்குத் தெற்கே, தரமணியில், ‘சி.ஐ.டி. வளாகம்’ என்று வழங்கும் கல்விநிலப் பரப்பொன்று உண்டு. அதன்கண் ஒரு தெருவில், 1970ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் நிற்கின்றது. இன்னொரு தெருவில், கோட்டையூர் முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த தமிழ் அச்சுநூல்களைக் கருவாகக் கொண்ட ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிற்கின்றது. வேறொரு தெருவில், உணவக மேலாண்மையும் சமையற்கலையும் ஊட்டவியலும் கற்பிப்பதற்கென 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிறுவனம் நிற்கின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடந்தே போய்விடலாம்.

ஆயின், இத் தெருக்களுக்கிடையே கால் நடக்கின்றதேயன்றி அறிவு நடப்பதில்லை. விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த மொழியின் ஆராய்ச்சி ஒரு தெருவில். விருந்தோம்பலையே பட்டமாகத் தரும் படிப்பு அடுத்த தெருவில். அப் படிப்பினுள் நுழையும் வாயிலிலோ அம் மொழிக்கு இடமில்லை! இக் கொடுமையை எண்ணிப்பார்க்குமாறு தமிழன்பர்களை வேண்டவே இக் கட்டுரை எழுதப்பெறுகின்றது.

வாயிலிலேயே தடை

தரமணி நிறுவனம் போன்று நாடு முழுவதும் உள்ள உணவக மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கு ஒரே நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. 2019 முதல் அதனை நடத்தி வருவது தேசியத் தேர்வு முகமை. அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றது. வினாப் பகுதிகளுள் ஒன்று ஆங்கில மொழியறிவைச் சோதிப்பதற்கென்றே ஒதுக்கப்பெற்றுள்ளது. ஆகவே, இந்திவழிப் படித்த மாணவன் ஏனைய பகுதிகளையேனும் தன் தாய்மொழியிற் படித்து விடை எழுதலாம். தமிழ்வழிப் படித்த மாணவனுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. தேர்வு தமிழ்நாட்டில் நடக்கின்றது; சேரவேண்டிய கல்லூரி தமிழ்நாட்டில் இருக்கின்றது; தமிழ் மட்டும் வெளியே நிற்கின்றது.

இதற்கு ‘இயலாமை’ என்னும் ஏதுவைக் கூற முடியாது. மருத்துவப் படிப்பிற்கான நுழைவுத் தேர்வை இதே முகமை தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்துகின்றது. பொறியியற் படிப்பிற்கான முதனிலைத் தேர்வும் 2021 முதல் 13 மொழிகளில் நடைபெறுகின்றது. அந் நுழைவுத் தேர்வுகளை நாம் ஒப்புகின்றோம் என்று எவரும் கொள்ளவேண்டா. தமிழ்நாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கே வேண்டும் என்பதே நம் கொள்கை. இங்கு நாம் கேட்பது ஒன்றே: உடற்கூற்றையும் அணுவியலையும் தமிழில் வினவ முடிகின்ற முகமைக்கு, வரவேற்பையும் உணவையும் பற்றித் தமிழில் வினவ முடியாமற் போனது எங்ஙனம்? முடியாமை யன்று, வேண்டாமை. கேட்பாரற்றமை.

சென்னையின் உணவகங்களிலும் விடுதிகளிலும் விறகடுப்பின் காலந்தொட்டு இன்றுவரை உழைத்தோர் பெரும்பாலும் யார்? சிற்றூர்களினின்று வந்த தமிழ்வழிப் பிள்ளைகளே. அவர்கள் மேசை துடைத்தார்கள், இலை போட்டார்கள், மாவாட்டினார்கள். அதே தொழிலின் மேற்படிகளுக்குச் செல்லும் ஏணியில் மட்டும் அவர்தம் மொழி அறுத்தெறியப்பட்டது. உழைப்பிற்குத் தமிழன், மேலாண்மைக்கு ஆங்கிலம் என்னும் இப் பிரிவினை, தொழிலில் புகுந்த புதிய வருணப் பிரிவினையே யன்றி வேறன்று.

அளவுகோல் யாருடையது?

வாயிலைத் தாண்டி உள்ளே சென்று பார்ப்போம். உலகப் பல்கலைக்கழகங்களில் விருந்தோம்பல், சுற்றுலா, வாணிகக் கல்வி ஆகிய துறைகளில் இன்று எவை ஆராயப்படுகின்றன? பணித்தரத்தை அளப்பது எவ்வாறு. ஊர் தாங்கா அளவிற்குச் சுற்றுலாவினர் குவிந்தால் செய்வது என்ன. உள்ளூர் உணவே பயணத்திற்கு ஈர்ப்பாவது எப்படி. ஊழியர் ஏன் இத்தொழிலை விட்டு நீங்குகின்றனர். எந்திர அறிவு மாந்தரின் இடத்தைப் பறிக்குமா என்பன போன்றவையே. வெனிசு நகரம் 2024 ஏப்பிரலில், ஒருநாட் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் இவ்வாராய்ச்சிகளின் நடுவே பேசப்படும் செய்தி. இவை வீண் ஆராய்ச்சிகள் அல்ல. நம் மயிலைக்கும் மாமல்லைக்கும் இவ் வினாக்கள் அனைத்தும் பொருந்தும். ஆனால், எவர் கண்கொண்டு, எவர் மொழிகொண்டு பார்ப்பது என்பதே நம் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. பணித்தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் ஒன்று 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம்பகம், உறுதிப்பாடு, புறத்தோற்றம், பரிவு, விரைந்துதவல் என ஐந்து கூறுகள், 22 கூற்றுகள். வந்தவர் எதிர்பார்த்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்னும் இடைவெளியை அது அளக்கும். அதனை ஆக்கிய மூவருள் முதல்வர் பரசுராமன். அடையாற்றின் அண்மையிலுள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்றவர். நம் நகரத்தில் தீட்டப்பெற்ற அறிவு உலகிற்கே அளவுகோல் தந்தது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வளவுகோல் முதற்கண் வார்க்கப்பெற்றது அமெரிக்க வைப்பகங்களையும், கடன் அட்டை நிறுவனங்களையும், பங்குத் தரகையும், பழுதுபார்ப்புப் பணியையும் ஆராய்ந்தே. அதனை மயிலை மாடவீதியின் பந்தி வரிசைக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்தால் என்ன ஆகும்? காசு கொடுத்தவன் நிறைவை அது அளக்கும். காசில்லாமையால் வாயிலிலேயே நின்றுவிட்டவனை அது காணாது. பரிமாறியவன் உண்டானா என்றும் அது கேட்காது.

தமிழ்ச்சொல்லோ இவ்விரண்டையும் கேட்கும். ‘விருந்து’ என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றற்கு அப்பெயரே இட்டார். ஆகவே விருந்தினர் என்பார் உறவினர் அல்லர். முன்பின் அறியாப் புதியவர். ‘ஓம்பல்’ என்பது காத்துப் பேணுதல். அறியாதவனைப் பேணுவதே விருந்தோம்பல். ஆங்கிலர் வழங்கும் சொல்லோ இலத்தீன வேரினின்று கிளைத்து, மருத்துவமனைக்கும் தங்கும் விடுதிக்கும் வாணிக விடுதிக்கும் பெயராகிப் பரந்தது. இல்லத்து விருந்தோம்பல், குமுகாய விருந்தோம்பல், வாணிக விருந்தோம்பல் என மூன்று களம் உண்டு என்று பிரித்தானிய ஆய்வாளர் இலாசுலியும் மாரிசனும் தொகுத்த நூல் 2000ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. இல்லறத்தின் பயனே விருந்து புறந்தருதல் என்ற வள்ளுவத்தையும், ஊர்ப்பந்தலையும், அங்காடியையும் கொண்ட நமக்கு இம் மூன்று களமும் புதியன அல்ல. புதிது எதுவெனில், இவற்றை நாம் ஆய்வாக எழுதாமல் விட்டமையே.

இன்னொன்றும் நோக்குக. வானூர்திப் பணிப்பெண்கள் தம் புன்முறுவலையே உழைப்பாக விற்கவேண்டியிருக்கின்றது என்று அமெரிக்க அறிஞர் ஆர்லி ஓக்சைல்டு 1983ஆம் ஆண்டில் எழுதினார். அதன்பின் ‘உணர்வுழைப்பு’ ஒரு பெரும் ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது. மோந்தால் வாடும் அனிச்சத்தை விடவும், முகந்திரிந்து நோக்கிய அளவில் விருந்தினன் வாடுவான் என்பது வள்ளுவர் கண்டது. வள்ளுவர் வந்தவன் முகத்தைப் பார்த்தார். அவ்வம்மையார் பரிமாறுபவள் முகத்தைப் பார்த்தார். இவ்விரு முகங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் ஆய்வு தமிழில் அன்றோ பிறந்திருக்கவேண்டும்?

ஆற்றுப்படை எதற்கு?

சுற்றுலா இலக்கியம் என்றால் வெளிநாட்டார் எழுதிய கையேடே நினைவிற்கு வருகின்றது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வழி இது, அவ்வழியில் வாழ்வோர் இன்னார், அவர் உனக்கு இடும் உணவு இன்னது என்று சொல்லிச் செலுத்துவன அவை. சிறுபாணாற்றுப்படையில், இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மானாட்டு வழியிற் செல்லும் பாணன், கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீனும், முல்லைநிலத்து ஊரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், மருதநிலத்து ஊரில் வெண்சோறும் நண்டும் பெறுகின்றான். நிலம் மாறும்போது உணவு மாறுகின்றது. உணவு மாறும்போது அதனை ஆக்கும் மக்களின் தொழிலும் வாழ்வும் புலனாகின்றன. இன்று ‘உணவுச் சுற்றுலா’ என்று மேலையார் வகுக்கும் துறைக்கு இதனினும் பழுத்த மூலம் வேறென்ன வேண்டும்?

பத்துப்பாட்டை 1889இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதரின் பெயரால் அமைந்த நூலகம் பெசன்ட் நகரில், தரமணிக்கு அண்மையிலேயே இருக்கின்றது. ஆயினும், நடுவணரசு சுற்றுலாப் பரப்புரைக்கு முழக்கமாகத் தேர்ந்தது, விருந்தினனைத் தேவனாகக் கொள்ளச் சொல்லும் வடமொழித் தொடரையே. தேவனாக வேண்டா, மாந்தனாகக் கொண்டால் போதும் என்பது தமிழ்நெறி. தென்னாட்டுச் சமையலுக்கெனச் சென்னை ஆழ்வார்ப்பேட்டைப் பெருவிடுதி ஒன்றில் திறந்து புகழ்பெற்ற உணவகத்துக்கும், தெற்கைக் குறிக்கும் வடசொல்லாகிய ‘தக்சின்’ என்பதே பெயராயிற்று. நம் இட்டலிக்கும் நம் குழம்பிற்கும் நம் திசைப்பெயரைக்கூட இட மனம் வரவில்லை!

மறைக்கவேண்டாத வரலாறு

தமிழன் விருந்தோம்பலிற் சிறந்தவன் என்று மேடைதோறும் முழங்குவதோடு நாம் நின்றுவிடுவதும் பிழை. எவனோடு எவன் உண்ணலாம் என்னும் கேள்வி இம் மண்ணில் குருதி கொதிக்க வைத்த கேள்வி. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைத்ததனால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. தொடர்வண்டி நிலைய உணவறைகளில் பார்ப்பனர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. உணவகப் பெயர்ப்பலகையில் குலப்பெயர் கூடாதென்று 1957இல் பெரியார் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்தினார்; நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர்.

உணவக மேலாண்மை பயிலும் தமிழ் மாணவன் இவ் வரலாற்றைத் தன் பாடத்தில் கற்கவேண்டாவா? பொது உணவகம் என்பது தானாக வந்ததன்று, போராடிப் பெற்றது என்றறியாத மேலாளன், எவரையும் ஒப்ப வரவேற்பது எவ்வாறு? அயல்மொழிப் பாடநூலுக்கு இது தேவையில்லை. நமக்குத் தேவை.

தெருவிலேயே கிடக்கும் ஆய்வுப்பொருள்

ஆய்வுக்குப் பொருள் தேடிக் கடல் கடக்கவேண்டா. பங்குனியில் மயிலையில் அறுபத்துமூவர் விழா நடக்கும் நாளில் மாடவீதிகளைச் சென்று பார்க்க. வீட்டுத் திண்ணையிலும் கடை முகப்பிலும் நீரும் மோரும் பானகமும் சோற்றுப் பொட்டலமும் வருவோர்க்கெல்லாம் வழங்கப்படுகின்றன. எவரும் கட்டணச் சீட்டுக் கேட்பதில்லை. அத்துணை மக்களுக்கு, தலைமை நிறுவனம் ஏதுமின்றி, உணவு எவ்வாறு பங்கிடப்படுகின்றது? வாணிக மேலாண்மை கற்பிப்போர் ஆராயத்தக்க வியப்பன்றோ இது?

2013 பிப்பிரவரி 19ஆம் நாள் சாந்தோமில் முதற்கண் திறக்கப்பெற்ற அம்மா உணவகத்தில் இட்டலி 1 உருபா. சாம்பார்ச் சோறு 5 உருபா. தயிர்ச்சோறு 3 உருபா. தன்னுதவிக் குழு மகளிர் சமைத்தனர்; பரிமாறினர். பெங்களூரு 2017இல் அதனைப் பின்பற்றியது. கட்சி விருப்பு வெறுப்புகளை ஒருபுறம் வைத்துவிட்டு, மலிவு விலையில் நகரத்துப் பசியைத் தணிக்கும் இம் முறையின் வரவு செலவையும், அம் மகளிரின் உழைப்பையும் ஊதியத்தையும் தமிழில் ஆராய்ந்து, அவர்களே படிக்கும் வண்ணம் எழுதவேண்டும்.

தியாகராயர் நகருக்கு வருக. ‘பாண்டி பசார்’ என்று நாம் சிதைத்து வழங்கும் தெரு, நயன்மைக் கட்சித் தலைவர் சவுந்தரபாண்டியனார் பெயர் தாங்கிய அங்காடி. அங்காடி என்னும் பழந்தமிழ்ச்சொல்லை விட்டுப் பசாரைப் பிடித்துக்கொண்டோம். அவ்வூர்க் கடைகளில் காலைமுதல் இரவுவரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்களின் கால்வலியை எந்த அளவுகோல் அளந்தது? பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் எனத் தமிழ்நாட்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பெற்றது. இருக்கை வந்ததா, அமர விடுகின்றார்களா என்று ஆராய்வதும் வாணிகக் கல்வியே. மயிலையில் 1872இல் தோன்றிய நிலைநிதி, சிறு சேமிப்பைக் கொண்டே ஒன்றரை நூற்றாண்டிற்கு மேல் நடந்து வந்தது. அமெரிக்க நிறுவனங்களின் கதைகளையே பாடமாகப் பயிலும் நம் மேலாண்மை மாணவர், அடுத்த தெருவின் நிதியைப் பற்றியும் ஒரு பாடம் படித்தால் குறைந்தா போவர்?

பிரெஞ்சுக்காரர் செய்தது

சமையலறை மொழி பிரெஞ்சு. அது தொழிலின் இயல்பு என்பர். அன்று! பிரெஞ்சுக்காரர் தம் அடுப்படியைத் தம் மொழியில் எழுதி வைத்தனர்; அதனால் உலகம் அம் மொழியைக் கற்றது. இலண்டன் பெருவிடுதிகளில் தலைமை சமையலராய் இருந்த எசுகோபியே, 1903இல் தம் பெருநூலைப் பிரெஞ்சிலேயே எழுதினார். ஆங்கிலரிடையே உழைத்தும் ஆங்கிலத்தில் எழுதவில்லை. சப்பானியர் தம் விருந்தோம்பலுக்கு வழங்கும் ‘ஒமொத்தெனாசி’ என்னும் சொல்லை 2013இல் ஒலிம்பிக்கு மேடையில் உலகறியச் செய்தனர். இன்று அச்சொல் ஆய்வேடுகளில் மொழிபெயர்க்கப்படாமலே உலவுகின்றது. ‘விருந்தோம்பல்’ ஏன் அவ்வாறு உலவவில்லை? நாம் உலவ விடவில்லை.

தமிழில் சொல் இல்லையா? அவித்தல், வேகவைத்தல், வறுத்தல், பொரித்தல், வதக்கல், வாட்டல், சுடுதல், துவட்டல், கிளறல், கடைதல், மசித்தல், வடித்தல், காய்ச்சல், தாளித்தல் என்று ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு சொல் உண்டு. தாளித்தலுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இன்மையால், எஃகைப் பதப்படுத்தற்கு வழங்கும் சொல்லைக் கடன்வாங்கி ஒப்பேற்றுகின்றனர். கலைச்சொல் பஞ்சம் அவர்க்கே, நமக்கன்று. 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை எழுதி, அளவும் பதமும் பிசகாமல் தமிழிலேயே சமையல் கற்பிக்கலாம் என்று காட்டினார். அதில் வடசொற் கலப்புண்டு என்று நாம் குறைகூறலாம். ஆயின் அவர் ஆங்கிலத்திற்குக் காத்திருக்கவில்லை.

‘ஆங்கிலமின்றி வேலை கிடைக்குமா?’ என்பார்க்கு ஒரு சொல். வெளிநாட்டு விருந்தினரோடு பேச ஆங்கிலம் கற்கட்டும். பிரெஞ்சும் சப்பானியமும் கற்கட்டும். கருவியாகக் கற்பது வேறு. கதவாக நிறுத்துவது வேறு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியதே. சமையற்கலையும் உணவக மேலாண்மையும் அவற்றினும் அரியனவா? மேலும், இன்று நம் உணவகங்களில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த இளைஞர் பலர் உழைக்கின்றனர். அவர்களைப் பகைப்பது தமிழ்நெறி யன்று. அவர்களும் இம்மண்ணிற்கு விருந்தினரே. அவர்க்கு உறையுளும் உரிய கூலியும் தருவதோடு, தமிழையும் பரிவோடு கற்பிப்பதே விருந்தோம்பலின் முதற்பாடம்.

செய்யவேண்டுவன

ஒன்று: உணவக மேலாண்மை நுழைவுத் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டரசும் நாடாளுமன்ற உறுப்பினரும் நடுவணரசை வலியுறுத்தவேண்டும். இரண்டு: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் விருந்தோம்பல், சுற்றுலா, வாணிக மேலாண்மைப் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கிப் பாடநூல்களை வெளியிடவேண்டும். மூன்று: இத்துறைகளில் ஆங்கிலத்தில் எழுதப்பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டிற்கும் தமிழில் விரிவான சுருக்கம் கட்டாயமாக வேண்டும்; வினாப்படிவத்தை நிறைவு செய்து தந்த பரிமாறுநனும் தூய்மைப் பணியாளனும் முடிவு என்னவென்று படித்தறிதல் அவர்தம் உரிமை. நான்கு: தரமணியின் அம் மூன்று நிறுவனங்களும் ஒருங்கமர்ந்து உணவுத்தொழிற் கலைச்சொல் அகரமுதலி ஒன்றை ஆக்கவேண்டும். தெருவைக் கடப்பதற்கு எவர் இசைவும் வேண்டா.

அன்பர்களே! அரசு செய்யும் என்று காத்திராமல் நாமும் ஒன்று செய்வோம். அடுத்தமுறை உணவகத்திற் சென்று அமர்ந்தால், தமிழில் உணவுப் பட்டியல் கேளுங்கள். இல்லையென்றால் கனிவாகக் காரணம் கேளுங்கள். பரிமாற வருபவனைப் பெயர் கேட்டு அழையுங்கள். அவன் எவ்வூரான், எவ்வளவு படித்தான், ஏன் மேலே படிக்கவில்லை என்று வினவுங்கள். அவன் சொல்லும் விடையில் இக்கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கும்.

புதியவனுக்குக் கதவு திறப்பதே விருந்து. தன் பிள்ளைக்குக் கதவடைத்துவிட்டு ஊராருக்கு விருந்து வைப்பவன் ஓம்புவது விருந்தையன்று, தன் அடிமைத்தனத்தையே.